நழுவாத முடிச்சு

இனாயா தண்ணீரில் மூழ்கி இறந்துபோனாள் என்று லத்தீப் முதலாளி வந்து சொன்னபோது இராக்கம்மாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. உதடு வரைக்கும் வந்த சிரிப்பு, அவர் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது.

தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலுக்குக் கார் ஏறி வந்ததே பெரிய விஷயம். பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். லத்தீப் முதலாளி கார்க் கதவைச் சாத்தக்கூட மறந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நீங்கதானே கம்பஸ்ல நீந்துற புள்ள?"

"ஆமாங்க."

"நான் லத்தீப். பதுளைக் கடைக்காரன். இனாயாட புருஷன் அலவிட நானா, மூத்தவன்." மூச்சு வாங்கினார். "காலையில எங்கட மிளகுத் தோட்டத்துல, மடுவுல உழுந்து... மௌத்தாகிட்டா புள்ள."

"எந்த இனாயாங்க?"

அவளுக்கு ஒரு இனாயாவைத்தான் தெரியும். நூருல் இனாயா. பண்டாரவளையில் இத்ரூஸ் முதலாளியின் புடவைக் கடை மகள். பல்கலைக்கழக நீச்சல் அணியில் இரண்டு வருஷம் இவளோடு ஒரே குளத்தில் கிடந்தவள். ஆனாலும் கேட்டாள். வேறு யாராவது இருந்துவிட மாட்டார்களா என்று கேட்டாள்.

லத்தீப் முதலாளி தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்தார். "ஆள் இன்னும் தண்ணிக்குள்ளதான் ஈக்கி. வெயில் நேரா உழுந்தா நீலச் சாரி தெரியுது. எங்களுக்கு நீந்தத் தெரியா, ஊருப் பொடியன்மார் எறங்கத் தயார். அவட உம்மா விடுறாங்க இல்ல. அன்னிய ஆம்புளட கை என்ட புள்ளயில படக் கூடாதுண்டு ஒரே புடியா நிக்கிறாங்க. லுணுகலைத் தோட்டத்துல ஒரு புள்ள ஈக்கிறா, லீவுக்கு வந்தீப்பா, அவளக் கூட்டிக்கொண்டு வாங்கண்டு செல்லுறாங்க."

இராக்கம்மாவின் தாய் மாரியாயி அப்போதுதான் பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கோடு அப்படியே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடிந்ததும் மகளைக் காம்பரா அறைக்குள் இழுத்தாள்.

"என்னாடி இது? கன்னி கழியாத புள்ள, செத்தவள எடுக்கத் தண்ணிக்குள்ள எறங்குறதா? புடிச்சு இழுத்துக்குவாடி."

"அவ என்ன இழுக்க மாட்டாம்மா. நாந்தான் அவள எப்பவும் தண்ணிய வுட்டுக் கரைக்கு இழுத்துக்கிட்டு வருவேன்."

"வெளையாடாத."

"வெளையாடல."

மாரியாயி கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். படங்கின் முடிச்சு காலை மழையில் நனைந்து கல்லாக இறுகியிருந்தது. ஊசியின் முனையை முடிச்சின் வயிற்றில் குத்தி, இரண்டு பக்கமும் பிடித்து உள்பக்கமாகத் தள்ளினாள். முடிச்சு பொலுக்கென்று வாய் திறந்தது. மலையில் நிற்கும் பெண்கள் எல்லாருக்கும் கைவந்த வேலை அது. இழுத்தால் இறுகும், தள்ளினால்தான் அவிழும். இல்லாவிட்டால் சரிவில் ஏறி இறங்கி, மழையில் நாள் முழுக்க நின்று கொழுந்து எடுப்பவளுக்குச் சாக்கு இடுப்பில் தங்குமா?

சாக்கை உதறி மூலையில் போட்டாள். கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போ," என்றாள். "பொம்பளப் புள்ள தண்ணில கெடக்கக் கூடாது. போயி எடுத்துக் குடு. குடுத்துட்டுத் தல முழுகிட்டு வா." ஊசியை மகளின் கொண்டையில் செருகிவிட்டாள். "இரும்பு இருக்கட்டும் ஒன்கிட்ட."

கார் வளைந்து வளைந்து இறங்கியது. தேயிலை முடிந்து, மரங்களில் மிளகுக் கொடி சுற்றிய தாழ்வான பக்கம் வந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதற்கு மறு வருஷம் அது. பாதைகளை யாரும் திருத்தவில்லை. குழிக்குக் குழி லத்தீப் முதலாளி ஒரு தரம் பெருமூச்சு விட்டார்.

"எப்புடிங்க உழுந்தா?"

"குடும்பத்தோட வந்தோம். சம்பந்தி ஊட்டாக்களும் வந்தாங்க. சோறாக்கி, சவன் தட்டு வச்சுச் சேந்து தின்னுட்டுப் போற வழமதானே. பொம்புளயள் கீழ ஓடையில குளிச்சாங்க. இவ மட்டும் மேல மடுப் பக்கம் போயீக்கா." ஒரு வளைவைத் திருப்பிவிட்டுச் சொன்னார்: "தொழுறதுக்கு ஒழு எடுக்கப் போன எடத்துல கால் சறுக்கினது. அப்புடித்தான்."

இராக்கம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க நம்பல்ல," என்றார் அவர். "ஊரும் நம்பாது. மெடல் எடுத்தவ சறுக்கி உழுந்து மௌத்தாகுவாளாண்டு கேக்கும். போன கெழம ஊட்டுல ஒரு பேச்சு வந்தது. கொழும்புல உங்கட போட்டி வருதாமே. நீந்த இல்ல, பாக்க மட்டும் போறேண்டு கேட்டா. அலவி ஏலாண்டுட்டான். ரெண்டு நாளா அவ தின்னல்ல, பேசல்ல. இப்ப இது." குரல் தாழ்ந்தது. "அடியில எதக் கண்டாலும் எனக்கு மட்டும் செல்லுங்க தங்கச்சி. உம்மாக்கு வாணாம். கையால தேடிக்கொண்ட மௌத்துண்டு ஒருத்தன் வாயத் தொறந்தாலும் எங்க ரெண்டு குடும்பமும் தல தூக்க ஏலா."

இராக்கம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

கம்பஸில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில்தான் இரண்டு பேரும் முதலில் பார்த்துக்கொண்டார்கள். இராக்கம்மா தேயிலை பெக்டரிக் குட்டையில், கங்காணி கண்ணில் படாமல் நீந்தப் பழகியவள். இனாயா எங்கே பழகினாள் என்பது அவளுக்கே தெரியாது. தண்ணீரைப் பார்த்தாள், இறங்கினாள், போய்க்கொண்டே இருந்தாள், அவ்வளவுதான். அடுத்த வருஷமே கம்பஸ் போட்டிகளில் பெண்கள் பக்கம் இவர்கள் இரண்டு பேரின் பெயர்தான். சுயாதீன நீச்சலில் இனாயா, மார்பு நீச்சலில் இராக்கம்மா, ஒருவர் பின் ஒருவராக நீந்தும் அஞ்சலில் இரண்டு பேரும். கொழும்புப் பெண்ணொருத்தி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "மலைநாட்டில இருந்து வந்து நீங்க எதுல நீந்திப் பழகினீங்க?" என்று கேட்டாள். "தேத்தண்ணியில," என்றாள் இனாயா.

இராக்கம்மாவை அவள் கூப்பிடுவது 'கொழுந்து' என்று. இராக்கம்மா அவளைக் கூப்பிடுவது 'சீலைக்கடை' என்று.

சீலைக்கடையின் நீச்சல் உடுப்பை உம்மா ஸகீனா ரகசியமாகத் தைத்துக் கொடுத்திருந்தாள். கடையில் மிஞ்சிய கறுப்புத் துணியில் கணுக்கால் வரைக்கும் காற்சட்டை, முழுக்கைச் சட்டை. வாப்பாவுக்குத் தெரியாது. அந்தக் காற்சட்டைக்கு இடுப்பில் ஒரு நாடா. முதல் போட்டியில் இனாயா பாய்ந்த வேகத்தில் நாடா நழுவிவிட்டது. ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நீந்தி மூன்றாவதாக வந்தாள். கரையேறாமல் தண்ணீருக்குள்ளேயே நின்று, "கொழுந்து, ஒரு துவாய் எறிடி, மானம் போகுது," என்று கத்தினாள். அன்றைக்குத்தான் இராக்கம்மா அவளுக்குப் படங்கு முடிச்சைக் காட்டிக் கொடுத்தாள்.

"இது மழையிலயும் நழுவாது. நனைய நனைய இறுகும்."

"கழட்டுறது?"

"இழுக்காத. ரெண்டு பக்கமும் புடிச்சு உள்ளுக்குத் தள்ளு."

கட்டுவதை ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டாள். அவிழ்ப்பது மட்டும் அவளுக்குக் கடைசி வரைக்கும் வரவில்லை. அவசரக்காரி, இழுத்துவிடுவாள். நீந்தி முடிந்ததும் இடுப்பை இவள் பக்கம் திருப்பிக்கொண்டு வந்து நிற்பாள். "அவுத்து வுடுடி கொழுந்து."

தலைக்குப் போடும் ரப்பர்த் தொப்பியும் அப்போது கடைகளில் இல்லை. வெளிநாட்டுச் சாமான் எதுவுமே வராத காலம். இரட்டைப் பின்னல் பின்னி, உச்சியில் குறுக்கே போட்டு, சைக்கிள் டியூபில் வெட்டிய வளையத்தை நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் இழுத்து மாட்டிக்கொள்வார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் தண்ணீருக்குள் இறங்குவார்கள்.

இனாயா தங்கம் எடுத்த செய்தி பண்டாரவளைப் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. தொழுகை முடிந்து செருப்புப் போடும்போது யாரோ ஒருவர் இத்ரூஸ் முதலாளியின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னாராம். எதற்கென்று விளங்காமல் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்த மனிதர் அந்த வாரமே மகளைக் கம்பஸிலிருந்து கூட்டிக்கொண்டு போனார். கலியாணத்துக்கு இராக்கம்மா போனாள். பொன்னும் பட்டுமாக உட்கார்ந்திருந்தவள் இவளைக் காதோடு இழுத்து, "அவங்கட மிளகுத் தோட்டத்துல ஆழமான மடு ஒண்டு ஈக்காம்டி," என்றாள். கண் இரண்டும் மினுங்கின. அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மடு பாறைகளுக்கு நடுவே கறுப்பாகக் கிடந்தது. மேலிருந்து ஓடை அதற்குள் விழுந்து, எங்கேயோ அடியால் போய், கீழே வேறொரு இடத்தில் சத்தமில்லாமல் வெளியே வந்தது. பாறை மேல் ஒரு சோடிச் செருப்பு பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. ஆண்கள் எல்லாரையும் தூரப் போய் முதுகைக் காட்டி நிற்கச் சொல்லியிருந்தார்கள். பெண்கள் இரண்டு சேலைகளை விரித்து மறைப்புப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், தண்ணீருக்கு மிகக் கிட்டே, ஸகீனா குந்தியிருந்தாள். ஒரு லீவில் வீட்டுக்குப் போனபோது வட்டிலப்பம் வெட்டி வைத்துவிட்டு, "தின்னு புள்ள, நீந்துற உடம்பு," என்று சொன்ன அதே ஸகீனாதானா என்று இருந்தது.

"வந்துட்டீங்களா மகள்," என்றாள்.

இராக்கம்மா நீச்சல் உடுப்புக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டிருந்தாள். தண்ணீர் எலும்பைக் கடித்தது. ஒரு மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு தலைகீழாகப் போனாள்.

பச்சையாக இருந்தது. பிறகு நீலமாக இருந்தது. அந்த நீலம் சேலை. முந்தானை இரண்டு பாறைகளுக்கு நடுவிலுள்ள வெடிப்புக்குள், தண்ணீர் வெளியே உறிஞ்சிப் போகிற வாய்க்குள், இழுபட்டுச் சிக்கியிருந்தது. மறு நுனி இனாயாவின் இடுப்பில். அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, எதையோ யோசிக்கிறவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். முக்காடு இல்லை. தலையில் இரட்டைப் பின்னல் உச்சியில் குறுக்கே போட்டிருந்தது. நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் சைக்கிள் டியூப்.

இராக்கம்மா மூச்சில்லாமல் மேலே வந்தாள். பாறையைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

"என்ன?" என்று மறைப்புக்கு அப்பாலிருந்து லத்தீப் முதலாளியின் குரல் கேட்டது. "என்ன தெரியுது?"

"சீல கல்லுல மாட்டியிருக்குங்க."

மறுபடி போனாள். இப்போது மற்றதெல்லாம் தெரிந்தது. தோள் ஊசி திறந்து தொங்கியது. சட்டை தோளோடு கிழிந்திருந்தது. மேல் சுற்று முழுவதையும் இனாயா அவிழ்த்துவிட்டிருந்தாள். மிச்சம் இருந்தது இடுப்பு மட்டும்தான். சேலையைக் காலுக்கு நடுவே கச்சையாக வாங்கி, பாவாடை நாடாவோடு சேர்த்து, பின்பக்கம் ஒரு முடிச்சு. படங்கு முடிச்சு. நனைந்து, இழுபட்டு, இழுபட்டு, ஒரு மிளகளவுக்குச் சுருங்கியிருந்தது. அதைச் சுற்றித் துணி நகக் கீறலில் பிய்ந்திருந்தது.

இழுத்திருக்கிறாள். அவசரக்காரி.

இராக்கம்மா இரண்டு பக்கமும் பிடித்து உள்ளுக்குத் தள்ளினாள். கொண்டை ஊசியை உருவக்கூட முடியாதபடி விரல் மரத்துவிட்டது. ஒன்றும் அசையவில்லை. சேலையை ஒரு பாறைமேல் கழற்றி வைத்துவிட்டு இறங்கியிருந்தால் இவள் இப்போது ஓடைக் கரையில் தலை துவட்டிக்கொண்டு இருப்பாள். கழற்ற மாட்டாள். எந்த நேரமும் ஆண்கள் வரக்கூடிய இடத்தில் உடுப்பைக் கழற்றி வைக்க ஸகீனாவின் மகளுக்கு எப்படி மனம் வரும்? அதனால்தான் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறாள், நழுவக் கூடாதென்று.

மேலே போய் மூச்செடுத்து வந்தாள். பாறையில் இரண்டு காலையும் ஊன்றி, முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து, முழு உடம்பாலும் இழுத்தாள். கிழிந்தது. மிஞ்சிய துணியைத் தண்ணீருக்குள்ளேயே இனாயாவைச் சுற்றிச் சுற்றிப் போர்த்தினாள். பிறகு அவளுடைய கக்கத்துக்குக் கீழே கையைக் கொடுத்து, கம்பஸில் யாராவது களைத்துவிட்டால் இழுத்து வரச் சொல்லிக் கொடுத்தபடியே, வெளிச்சத்தைப் பார்த்து உதைத்தாள்.

கரையில் ஒரு சத்தம் எழுந்தது. பெண்கள் மறைப்போடு நெருங்கி வந்தார்கள். ஸகீனா அழவில்லை. மகளின் முகத்தில் இருந்த தண்ணீரைத் தன் முக்காட்டால் ஒற்றினாள். அதே முக்காட்டை எடுத்து மகளின் தலையை மூடினாள். தலையில் இருந்ததை அவள் பார்த்தாளா என்று இராக்கம்மாவுக்குத் தெரியவில்லை.

இத்ரூஸ் முதலாளியும் அலவியும் பாய் கொண்டுவந்து தூக்கினார்கள். அலவி ஒல்லியான இளம் பையன். சட்டை பட்டன் மாறிப் போட்டிருந்தது. இராக்கம்மாவைத் தாண்டும்போது நின்று, "ஏலாண்டு செல்லாம ஈந்தீக்கலாம்," என்றான். அவளிடம் சொன்னானா, தனக்கே சொன்னானா, தெரியவில்லை.

லத்தீப் முதலாளி எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "ஒழு எடுக்கப் போய்ச் சறுக்கினதுதானே. சாரி கல்லுல மாட்டிட்டு. அப்புடித்தானே தங்கச்சி?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"தண்ணி ரொம்பக் குளிருங்க," என்றாள் இராக்கம்மா.

மரண விசாரணைக்காரர் வந்து பார்த்தார். அவருக்கும் அதையே சொன்னார்கள், விபத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளிவாசல் லெப்பை வந்தார், வயதான மனிதர். "தண்ணில மௌத்தானவங்களுக்கு ஷஹீதுட அந்தஸ்து, தியாகிட எடம். அழாதீங்க," என்று தோட்டத்து வீட்டு வாசலில் நின்று பெண்கள் பக்கம் பார்த்துச் சொன்னார். எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். ஸகீனாவின் முகம் மட்டும் இறுகியது. அவள் பக்கத்தில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்த இராக்கம்மாவின் கையைப் பிடித்தாள்.

"சறுக்கினா நீந்தி வர மாட்டாளா?" என்றாள் மெதுவாக. "என்ட புள்ளக்கி நீந்தத் தெரியும்ண்டு எனக்குத் தெரியும். நான்தானே உடுப்புத் தச்சுக் குடுத்தவ. தெரிஞ்சவ வரல்லண்டா... வர விரும்பல்லண்டுதானே?"

இராக்கம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், ஸகீனா எழுந்து போய்விட்டாள்.

மிளகு காயப்போடும் அறையில்தான் உடலைக் குளிப்பாட்ட இடம் செய்திருந்தார்கள். கதவில் போர்வை தொங்கியது. இராக்கம்மா வெளித் திண்டில் இருந்தாள். கையை நீட்டிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள். அந்த முடிச்சு இன்னும் விரலுக்குள்ளேயே இருக்கிற மாதிரி இருந்தது. சொன்னால், அவள் நீந்தத்தான் போனாள் என்று ஊருக்குத் தெரியும். கலியாணம் முடித்த பெண் ஆண்களைக் கீழே வைத்துக்கொண்டு மடுவில் நீந்தினாளாம் என்று பதுளைக் கடைத்தெரு முழுக்கப் பேசும். சொல்லாவிட்டால் இந்த உம்மா சாகிற வரைக்கும் அந்த ஒரு கேள்வியோடு கிடப்பாள். அதோடு, சொல்வதென்றால் முடிச்சையும் சொல்ல வேண்டும்.

உள்ளே ஸைனப் மாமியின் குரல் கேட்டது. ஜனாஸா குளிப்பாட்டுகிறவள் அவள்தான். "இது என்ன முடிச்சு? கல்லு மாதிரி. கத்தி ஒண்டு எடுங்க."

"கத்தி வாணாம்," என்றாள் ஸகீனா. "வெளிய அந்தப் புள்ள ஈக்கிறா. கூப்புடுங்க."

"அது வேற சமயத்துப் புள்ள ஸகீனா. இந்த நேரத்துல..."

"தண்ணிக்குள்ள அவட கை தொடல்லயா? அப்ப நீங்களா வந்து எடுத்தீங்க?"

ஸைனப் மாமி எழுந்து வந்தாள். போர்வை விலகியது.

இனாயாவை ஒரு வெள்ளைத் துணியால் மூடிப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். துணிக்கு அடியால் கையை விட்டு அவிழ்க்க வேண்டும். இராக்கம்மா மண்டியிட்டாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். முடிச்சின் வயிறு எங்கேயென்று விரலால் தடவிக் கண்டுபிடித்து, முனையைக் குத்தி, இரண்டு பக்கமும் பிடித்து உள்ளுக்குத் தள்ளினாள். கொஞ்சம் கொடுத்தது. மறுபடி தள்ளினாள். வாய் திறந்தது.

"இந்த முடிச்சு," என்றாள் ஸகீனா. அவள் மகளின் தலைமாட்டில் இருந்தாள். "ஊட்டுக்கு வந்தாலும் பாவாடைய இதுலதான் கட்டுவா. நான் ஏசுவேன். தோட்டத்துப் பொம்புளயாட்டம் என்னடி இதுண்டு. சிரிப்பா. 'இது நழுவாது உம்மா'ண்டுவா. அவுக்கத் தெரியாது. எனக்கிட்டத்தான் வந்து நிப்பா, நான் பல்லால கடிச்சு..."

அவள் குனிந்து மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தான் உம்மா சொல்லிக் குடுத்தேன்," என்றாள் இராக்கம்மா. "மலையில எங்கம்மா கட்டுறது. நனைஞ்சா இறுகிரும். இவளுக்கு அவுக்க வராது." அவள் கையை எடுக்காமலே பேசினாள், எடுத்தால் பேச்சு நின்றுவிடும் போல இருந்தது. "அவ சாகப் போகல உம்மா. தலைய பாருங்க. மூடியிருக்கத எடுத்துப் பாருங்க."

ஸகீனா முக்காட்டை விலக்கினாள்.

"இந்த டியூபு நீந்தப் போறப்ப மட்டுந்தான் போடுவோம். வேற எதுக்கும் போட மாட்டோம். இத ஊட்டுலேருந்தே எடுத்துட்டு வந்திருக்கா. நீந்தத்தான் வந்திருக்கா. சீலய கழட்ட வெக்கப்பட்டுக் கட்டிக்கிட்டு எறங்கியிருக்கா. தண்ணி முந்தானைய உள்ள இழுத்துருக்கு. ஊசியக் கழட்டி, மேல் சுத்தெல்லாம் அவுத்துட்டா உம்மா. வெளிய வரப் போராடியிருக்கா. இந்த ஒண்ணுதான் மிச்சம். இந்த ஒண்ணு மட்டுந்தான்."

ஸைனப் மாமி வாளித் தண்ணீரில் கையை வைத்தபடியே இருந்தாள். ஸகீனா அந்தக் கறுப்பு ரப்பரை ஒரு விரலால் தொட்டாள். நெற்றியில் அது பதிந்திருந்த தடத்தைத் தொட்டாள். பிறகுதான், காலையிலிருந்து அழாதவள், வாயைத் திறந்து அழுதாள். சுற்றியிருந்த பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அழுகைக்கு நடுவில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "வெளிய வரப் பாத்தீக்கா. வெளிய வரப் பாத்தீக்கா."

இராக்கம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். ஏச்சு வரும் என்று நினைத்தாள். ஏன் சொல்லிக் கொடுத்தாய் என்று ஒரு வார்த்தை. அது வந்திருந்தால் நல்லதென்றுகூட இருந்தது. வரவில்லை. கொஞ்சம் கழித்து ஸகீனாவின் கை மட்டும் அவள் ஈரத் தலையில் வந்து விழுந்தது, அங்கேயே இருந்தது.

"இது இந்த அறைக்குள்ள ஈக்கட்டும்," என்றாள் ஸைனப் மாமி, மற்றப் பெண்களைப் பார்த்து. "வெளிய ஆம்புளயள் ஒழுண்டு செல்லுறாங்க. செல்லட்டும்."

"ஒருத்தனுக்கு மட்டும் தெரியணும்," என்றாள் ஸகீனா.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போர்வையை ஒரு சாண் விலக்கினாள். சுவரோடு சாய்ந்து நின்ற அலவியைக் கூப்பிட்டாள். அவன் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"மகன். அவ உங்களோட கோவிச்சுக்கொண்டு போகல்ல. நீந்தத்தான் போனா. ஆசையில போனா. வர ஏலாம போய்ட்டு. வெளங்குதா?"

அவன் தலையாட்டினான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நிலத்தில் குந்தினான். அது அவனுக்கு ஆறுதலா, இன்னும் பெரிய பாரமா என்று இராக்கம்மாவுக்கு விளங்கவில்லை. அப்பால் லத்தீப் முதலாளி பண்டாரவளையிலிருந்து வந்தவர்களிடம், "ஒழு எடுக்கப் போன எடத்துல," என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

போர்வை மூடியது. "நான் போகவா உம்மா?" என்று கேட்டாள் இராக்கம்மா. ஸகீனா அவளை ஒரு மூலையில் இருக்கச் சொன்னாள்.

ஸைனப் மாமி ரப்பரைக் கழற்றினாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சம் முழித்துவிட்டு, இராக்கம்மாவிடம் நீட்டினாள். இரட்டைப் பின்னலை அவிழ்த்தாள். மடுவின் தண்ணீர் கூந்தலிலிருந்து சொட்டியது, கூடவே ஒரு சின்ன இலை. வாயால் எதையோ ஓதிக்கொண்டே வாளியிலிருந்து மெதுவாக, மிக மெதுவாக ஊற்றினாள். உறங்குகிறவள் விழித்துவிடக் கூடாது என்பது போல. கழுவி, வாரி, முறைப்படி கூந்தலை மூன்றாகப் பிரித்தாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பின்னினாள். மூன்று பின்னலையும் பின்பக்கமாக, பிடரிக்குக் கீழே எடுத்து விட்டாள்.

இராக்கம்மா கையில் ரப்பரோடு பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாகப் பின்னினால் டியூப் நிக்காதேடி, பாய்ந்ததும் கழன்றுவிடுமே என்று அவளுக்குள் ஓடியது. சீலைக்கடையிடம் அதைச் சொல்ல, அரைவாசி எழுந்தும் விட்டாள்.